சரிவரும் என்று சொல்லாத அக்கா

பிள்ளைகளே, எங்கள் ஊர்ப் பக்கத்தில் யாராவது பயந்துபோய் நின்றால் பார்க்கிற எல்லாரும் ஒரு சொல்லைச் சொல்லுவார்கள். ‘சரிவரும்.’ சோதனைக்குப் போகிற பிள்ளைக்கும் அதுதான், சத்திரசிகிச்சைக்குப் போகிற கிழவருக்கும் அதுதான். சொல்லுகிறவருக்கு அந்த விசயத்தில் ஒன்றும் தெரிந்திருக்கத் தேவையில்லை. நானும் சொல்லுகிற ஆள்தான். ஓட்டோ ஓடுகிறேன். பின்னுக்கு இருக்கிறவர் ஒரு பெருமூச்சு விட்டால் போதும், ரோட்டைப் பார்த்தபடியே என் வாய் அதைச் சொல்லிவிடும்.

அந்தச் சொல்லைச் சொல்லவே மாட்டாத ஒருவர் இணுவிலில் இருந்தார். அவரைப் பற்றி உங்களுக்கு எழுத வேண்டும் என்று கனநாளாக நினைத்திருந்தேன். எனக்கு எழுத்து அவ்வளவு ஓடாது. ஓடுகிற அளவுக்கு எழுதுகிறேன்.

தன் வீட்டு முன்னறையில் அவர் கொம்பியூட்டர் திருத்தினார். ஊருக்கு அவர் ‘கொம்பியூட்டர் அக்கா’. என்னைவிட வயது குறைவென்பதால் நான் தங்கச்சி என்பேன். இப்போது இங்கே இல்லை, தமையனோடு இருக்கத் திருகோணமலைக்குப் போய்விட்டார். பெயரை எழுதவில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. மெலிந்த ஆள். மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துவிட்டு அதை அறை முழுக்கத் தேடுவார். வேலை தொடங்க முன் காப்புகளைக் கழற்றி யன்னலில் வைப்பார். பிறகு யன்னல் கம்பியை ஒருமுறை இறுக்கிப் பிடிப்பார். எங்கள் உடம்பில் எங்களுக்கே தெரியாமல் ஒரு சின்ன மின்சாரம் சேர்ந்து நிற்குமாம். அதை இரும்பில் இறக்கிவிட்டுத்தான் கொம்பியூட்டரின் உள்பக்கத்தைத் தொட வேண்டுமாம். நான் ஓட்டோவில் கூட்டிப்போன ஒரு வீட்டில் யன்னல் மரமாக இருந்ததால் வெளியே போய்க் குழாயைப் பிடித்துவிட்டு வந்தார். வந்த பிறகுதான் கை ஈரம் என்று தெரிந்தது. சேலையில் துடைத்துவிட்டு, துடைத்ததில் திரும்பவும் மின்சாரம் சேர்ந்திருக்கும் என்று மறுபடி குழாயடிக்குப் போனார். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் வேலியைப் பார்த்தேன்.

நீங்கள் கொம்பியூட்டர் பெட்டியைத் திறந்து பார்த்திருப்பீர்களோ தெரியாது. உள்ளே பெரிய தகடு ஒன்று நிற்கும். பள்ளிக்கூடப் புத்தகத்தில் அதற்குத் தாய்ப்பலகை என்று போட்டிருக்கிறது. அக்கா ‘போட்’ என்பார். மற்ற எல்லாப் பாகங்களும் அதில்தான் வந்து செருகிக்கொள்ளும். புதுப் போட்டுகளின் ஓரத்தில் அரிசி மணி அளவில் நாலு லைற் இருக்கும். சுவிச்சைப் போட்டதும், வகுப்பில் ரீச்சர் இடாப்புக் கூப்பிடுகிற மாதிரி, போட் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்க்கும். மூளையாக இருக்கிற புரோசசர் வந்ததா? நினைவு வைத்திருக்கிற ராம் வந்ததா? படம் காட்டுகிற பாகம்? எல்லாவற்றையும் சேமித்து வைத்திருக்கிற டிஸ்க்? கூப்பிடுகிற நேரம் அவரவருடைய லைற் எரியும். பதில் சொல்லிவிட்டால் நூர்ந்துவிடும். பதில் இல்லையென்றால் எரிந்தபடியே நிற்கும்.

அக்கா வாயால் வருவது எப்போதும் அவ்வளவுதான். எது நூர்ந்தது, எது நிற்கிறது. “அந்த லைற் நிண்டால் அந்தப் பாகம்தான் பழுது எண்டும் இல்லை அண்ணை,” என்று ஒருநாள் எனக்குச் சொன்னார். “அதிலை வந்து நிண்டிட்டுது. எங்களுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.”

வீடுகளுக்குப் போய்த் திருத்துவதென்றால் என் ஓட்டோவில்தான் போவார். ஒருமுறை சண்டிலிப்பாயில் புகையிலைத் தோட்டக்காரர் ஒருவர் வீட்டுக்குப் போனோம். கொம்பியூட்டர் அவருடைய பேத்தியுடையது. பேத்தி பல்கலைக்கழகத்தில். அவள் வருவதற்குள் புது ராம் ஒன்று போட்டு வைக்கச் சொல்லியிருந்தாளாம். கிழவர் தானே போட்டார். திரை கறுப்பாகவே நின்றது. நிற்பாட்டிப் போட்டார், நிற்பாட்டிப் போட்டார், ஒன்றும் வரவில்லை.

அக்கா திறந்து பார்த்தார். ராம் ஒரு பக்கம் கொழுவாமல் நின்றது. கழற்றி, அதன் பித்தளை நிறப் பல்லை அழிறப்பரால் துடைத்து, கிளிக் என்று சத்தம் வரும்வரை அமத்தினார். சுவிச்சைப் போட்டார். முதல் லைற் நூர்ந்தது. இரண்டாவது நின்றது. கிழவர் கையைச் சுவிச்சுக்குக் கொண்டுபோனார். அக்கா கதிரையை இழுத்து, கிழவருக்கும் சுவிச்சுக்கும் நடுவில் போட்டுக்கொண்டு இருந்துவிட்டார். புது ராம் என்றால் போட் அதை அளந்து பார்க்கும், நேரம் எடுக்கும், இடையில் நிற்பாட்டினால் முதலில் இருந்து தொடங்கும் என்று விளங்கப்படுத்தினார். எவ்வளவு நேரம் என்று கிழவர் கேட்டார். தெரியாது என்றார். சரிவருமோ என்று கேட்டார்.

“தெரியாது ஐயா. முதலாவது நூந்திட்டுது.”

கிழவர் என் பக்கம் திரும்பினார். “உனக்கு வேறை ஆள் கிடைக்கேல்லையோ தம்பி? செத்த வீட்டுக்கு ஆள் வந்து குந்தியிருக்கிற மாதிரி இருக்கு.”

நான் சிரித்துவிட்டேன். அக்கா அந்தச் சின்ன லைற்றைப் பார்த்தபடியே இருந்தார். தேத்தண்ணி வந்தது, ஆறியது. பிறகு லைற் தானாக நூர்ந்து, படம் வந்தது. கிழவருக்குப் பிடிபடாத சந்தோசம். சரிவந்திட்டுது பார்த்தியோ என்று அக்காவின் முகத்துக்கு நேரே சொன்னார். அக்கா காப்பைப் போட்டுக்கொண்டு, “இண்டைக்கு வந்திருக்குது ஐயா,” என்றார்.

திரும்பி வரும்போது எனக்குக் கோபம். கிழவர் சந்தோசப்பட்டால் இவருக்கு என்ன குறைந்துவிடும்? ஒரு பச்சைப் பொய், அதுவும் நல்ல பொய், சொல்லப்படாதோ?

நான் மட்டுமில்லை, ஊரே அப்படித்தான் நினைத்தது. பக்கத்து வீட்டு அம்மாவுக்கு நெஞ்சில் ஒப்பிறேசன் என்று சனம் கூடியிருந்த இடத்தில், எல்லாரும் சரிவரும், சரிவரும் என்று சொல்லிக்கொண்டிருக்க, இவர் மட்டும் டொக்ரர் எது வரைக்கும் பார்த்திருக்கிறார் என்று கேட்டாராம். அந்த அம்மா பிழைத்து வந்து இப்போதும் கோயிலுக்கு நடந்து போகிறார். ஆனாலும் அக்காவுக்குக் கரிநாக்கு என்று பெயர் வந்துவிட்டது. விசா நேர்முகத்துக்குக் கொழும்புக்குப் புறப்படுகிறவர்கள், முழிவியளத்துக்கு, அதுதான் புறப்படுகிற சகுனத்துக்கு, அவர் எதிர்ப்படாமல் இருக்க மற்ற ஒழுங்கையால் போனார்கள். அவருக்கும் அது தெரியும். விடிய வெள்ளன வான் வந்து நின்று பெட்டிகள் ஏற்றுகிற சத்தம் கேட்டால், முற்றம் கூட்டிக்கொண்டிருப்பவர் விளக்குமாற்றைச் சாத்திவிட்டு உள்ளே போய்விடுவார். வான் போன பிறகு வந்து மிச்சத்தைக் கூட்டுவார். அதை நான் கண்ணால் கண்டேன். கண்டதில் இருந்து எனக்குக் கோபம் கொஞ்சம் குறைந்தது.

ஒருநாள் ஓட்டோவில் கேட்டேன். ஏன் தங்கச்சி, வாய்க்கு ஒரு சொல்தானே, சொன்னால் என்ன என்று. அவர் வெளியே போகிற வாழைத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

“ஒருக்காச் சொன்னனான் அண்ணை.”

அவ்வளவுதான் சொன்னார். யாருக்கு, எப்போது என்று நான் கேட்கவில்லை. கண்ணாடியில் அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

இனி என் மூத்த மகள் சாலினியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்குப் பிறந்ததில் இருந்தே கண் தெரியாது. அவள் குழந்தையாக இருந்தபோது எத்தனை பேரிடம் தூக்கிக்கொண்டு திரிந்தோம் என்று உங்களுக்குச் சொல்லி முடியாது. டொக்ரர்மார், சாத்திரிமார், நூல் கட்டுகிறவர்கள். எல்லாரும் ‘சரிவரும்’ என்றுதான் சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வரும் வழியில் நானும் அவள் காதில் அதையே சொல்லிக்கொண்டு வருவேன். கொஞ்சம் வளர்ந்த பிறகு ஒருநாள், இனி என்னை எங்கேயும் கொண்டுபோக வேண்டாம் என்று அமைதியாகச் சொல்லிவிட்டாள். கெட்டிக்காரி. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லுகிற குரல் ஒன்றைப் போட்டால் கொம்பியூட்டரில் எல்லாம் செய்வேன் என்றாள்.

கனடாவில் இருக்கிற அவளுடைய மாமா, என் மனைவியின் தமையன், ஒரு நல்ல போட்டும் புரோசசரும் வாங்கி வந்தார். வெளிநாட்டில் இருந்து வருகிறவர்களின் பெட்டிகளைப் பற்றி உங்களுக்குத் தெரியும்தானே. நிறை கூடக்கூடாது, அதே நேரம் எல்லாச் சொந்தத்துக்கும் ஏதாவது வேண்டும். அவர் சொக்கிலேற்றுக்கு இடம் வேண்டுமென்று போட்டின் அட்டைப்பெட்டியை எறிந்துவிட்டார். புரோசசர் இருக்கிற குழிக்கு மேலே ஒரு கறுப்பு மூடி போட்டிருப்பார்கள். அதையும் குப்பை என்று நினைத்துக் கழற்றி எறிந்துவிட்டு, நல்ல மெத்தென்ற துவாயில் போட்டைச் சுற்றிப் பக்குவமாகக் கொண்டுவந்தார். அந்தக் குழிக்குள் மயிர் போல நூற்றுக்கணக்கான ஊசிகள். துவாயின் நூல் அதில் மாட்டியிருந்தது.

அக்கா துவாயை விரித்துப் பார்த்ததும் கண்ணாடியைத் தலையில் இருந்து இறக்கி மூக்கில் போட்டார். பிறகு பூதக்கண்ணாடியும் தையல் ஊசியுமாகக் குனிந்தவர் பின்னேரம்தான் நிமிர்ந்தார். நாங்கள் எல்லாரும் சுற்றி நின்றோம்.

“நிமித்தியிருக்கிறன். ஒரு ஊசி இளகிப்போய்த்தான் நிக்குது. எத்தினை நாளைக்கு நிக்குமோ தெரியாது.”

மாமாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. தான் தேடித் தேடி வாங்கியது என்றார். என் மனைவி அடுப்படிக்குப் போய்விட்டா. சாலினி மட்டும் சிரித்தாள்.

“அம்மா, இந்த அக்கா நல்லவ. கேட்டதுக்குப் பதில் சொல்லுறா.”

அக்கா போட்டைப் பெட்டியில் பூட்ட, அன்று அவள் அக்காவை விடவில்லை. பெட்டிக்குள் கையை விட்டுத் தொட்டுத் தொட்டு இது என்ன, இது என்ன என்று கேட்டாள். அவள் விரல் நின்ற இடத்தின் பெயரை அக்கா சொன்னார். கரண்ட் வருகிற அகலமான இரண்டு வரிசைப் பிளக். மேல் மூலையில் புரோசசருக்கு மட்டும் தனியாகக் கரண்ட் வருகிற சின்னப் பிளக். அதை மறந்துவிட்டுக் கொம்பியூட்டர் செத்துப்போச்சு என்று கொண்டுவருகிறவர்கள் கனபேராம். ஒரு சதக் குற்றிக் காசு மாதிரி வட்டமான பற்றறி. கீழ் ஓரத்தில் சுவிச்சின் வயர்கள் வந்து கொழுவுகிற குட்டிக் கம்பிகள். நாலு லைற்றைப் பற்றிச் சொன்னபோது சாலினி, “அது எனக்குத் தெரியாதே அக்கா,” என்றாள். சும்மா தகவல் மாதிரித்தான் சொன்னாள்.

அடுத்த கிழமை அக்கா தானாக வந்தார். பொத்தான் அளவில் ஒரு சத்தப்பெட்டி கொண்டுவந்து அந்தக் குட்டிக் கம்பிகளில் இரண்டில் கொழுவினார். முன்னைய காலத்தில் எல்லாக் கொம்பியூட்டரிலும் அது இருந்ததாம். இடாப்பில் எல்லாரும் பதில் சொல்லிவிட்டால் கீச் என்று ஒருமுறை கத்தும். வேறு மாதிரிக் கத்தினால் வேறு பழுது. சாலினி அதற்குக் குருவி என்று பெயர் வைத்தாள். ஒவ்வொரு நாள் காலமையும் எங்கள் வீட்டில் அந்தக் குருவி கத்தியது.

அவளுக்கு இருபது வயதானபோது ஒரு வேலைக்கு விண்ணப்பித்தாள். கூட்டங்களில் பேசுகிறவர்களின் பேச்சைக் கேட்டு அப்படியே தமிழில் தட்டிக் கொடுக்கிற வேலை. வீட்டில் இருந்தே செய்யலாம். அவளைவிட வேகமாகத் தட்டுகிறவர்களை நான் கண்டதில்லை. ஒரு சோதனை வைத்தார்கள். கள்ளம் நடக்காமல் இருக்க, முன்னரே பதிந்து வைத்த கொம்பியூட்டரில் மட்டும்தான் அந்தச் சோதனை திறக்கும். போட்டை மாற்றினால் அது வேறு கொம்பியூட்டராகிவிடுமாம். மற்றவர்கள் தயவில் இல்லாமல் தன் காலில் நிற்கப் போகிறேன் என்று அந்தக் கிழமை முழுக்க அவள் வீட்டுக்குள் பாடித் திரிந்தாள். ரோட்டுச் சத்தம் கேட்கக்கூடாது என்று முதல் நாள் நாங்கள் கொம்பியூட்டரை முன்விறாந்தையில் இருந்து உள்ளறைக்கு மாற்றினோம்.

சோதனை மத்தியானம். காலமை அவள் சுவிச்சைப் போட்டுவிட்டுக் கூப்பிட்டாள்.

“அப்பா, ஃபான் சுத்துது. குருவி கத்தேல்லை.”

போய்ப் பார்த்தேன். திரை கறுப்பு. போட்டின் ஓரத்தில் முதலாவது லைற் எரிந்தபடி நின்றது. நான் ஓட்டோவை எடுத்துக்கொண்டு இணுவிலுக்குப் பறந்தேன். அக்கா சோறு அடுப்பில் இருக்க, அடுப்பை நூர்த்துவிட்டு வந்து ஏறினார்.

வந்ததும் யன்னல் கம்பியைப் பிடித்தார். பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தார். அகலப் பிளக்கைக் கழற்றிப் போட்டார். மேல் மூலைப் பிளக்கைக் கழற்றிப் போட்டார். ராம்களை எடுத்துவிட்டு ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தார். பற்றறியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் விட்டுத் திரும்ப வைத்தார். ஒவ்வொரு முறையும் சுவிச்சைப் போடுவார், ஃபான் சுற்றும், முதலாவது லைற் நிற்கும். சாலினி கதிரையில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

“சரிவரும் பிள்ளை,” என்றேன்.

“அப்பா, நீங்கள் கொஞ்சம் கதையாமல் இருங்கோ. அக்கா சொல்லட்டும். அக்கா, எது எரியுது?”

“முதலாவது. புரோசசர்.”

“நூரேல்லையோ?”

“நூரேல்லை.”

அந்த நேரத்திலும் அந்த மனுசிக்கு ஒரு நல்ல சொல் வரவில்லையே என்று நினைத்தேன். ஆனால் என் மகளின் முகம் அக்காவின் குரல் வருகிற பக்கம்தான் திரும்பியிருந்தது. என் பக்கம் திரும்பவில்லை.

கடைசியில் அக்கா ஃபானைக் கழற்றி, புரோசசரை எடுத்து, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். பெட்டியைத் தூக்கி மாற்றியதில் அசைந்ததா என்று கேட்டேன். அதாலையோ வேறை எதாலையோ தெரியாது என்றார். அந்த இளகின ஊசி சரிந்துபோய்ப் படுத்திருந்ததாம். தையல் ஊசியால் மெல்ல நெம்பினார். சாலினியின் போன் மணி பன்னிரண்டு என்று சத்தமாகச் சொன்னது.

அக்கா தையல் ஊசியைக் கீழே வைத்தார்.

“முறிஞ்சு போச்சுது. இந்தப் போட் இனி வராது சாலினி.”

இனி நடக்கப்போவது இதுதான் என்று அவர் நிச்சயமாகச் சொல்லி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

சாலினி போனை எடுத்து அந்த அலுவலகத்துக்குத் தானே பேசினாள். என்னுடைய கொம்பியூட்டர் நின்றுவிட்டது, திருத்த முடியாது, வேறு நாள் தருவீர்களா என்று கேட்டாள். அங்கே இருந்த பெண்பிள்ளையின் குரல் நல்ல இனிமை. யோசிக்க வேண்டாம், எல்லாம் பார்க்கலாம், திரும்பக் கூப்பிடுகிறோம் என்றாள். பிள்ளைகளே, உங்களைக் காக்க வைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவர்கள் கூப்பிடவில்லை. ஆனால் அது அந்த நேரம் எங்களுக்குத் தெரியாது.

போனை வைத்துவிட்டுச் சாலினி கேட்டாள்.

“அக்கா, அவை திருப்பிக் கூப்பிடுவினமோ?”

அடுப்படி வாசலில் என் மனைவி சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு நின்றா. நான் சாலினிக்குப் பின்னால் நின்றேன். அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் இரண்டு கையையும் கூப்பினேன். சத்தம் வராமல், கோயிலில் கும்பிடுவது போலக் கும்பிட்டேன். சொல்லுங்கோ தங்கச்சி. என் பிள்ளைக்கு அந்தச் சொல்லை ஒருமுறை சொல்லுங்கோ. சாலினிக்கு இதெல்லாம் தெரியாதுதானே. அக்காவின் கண்ணில் தண்ணீர் நின்றது.

“எனக்குத் தெரியாது சாலினி. கூப்பிடாமலும் விடுவினம்.”

பிறகு அவர் சாலினியின் கையைப் பிடித்து இழுத்து, சுட்டுவிரலை அந்தக் குழிக்கு மேலே கொண்டுபோனார்.

“இதிலைதான். போட் உயிரோடை இருக்கேக்கை இந்த ஊசியளிலை ஒருத்தரும் கை வைக்கக் கூடாது. இனித் தொடலாம்.”

சாலினி தொட்டாள். விரல் மெல்ல மெல்ல ஊர்ந்தது.

“இவ்வளவு மெல்லிசோ?”

“ஓம்.”

“முறிஞ்சது எது?”

அக்கா அவள் விரலை ஓர் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். அங்கே விரல் கன நேரம் நின்றது. காலமையில் இருந்து அழாத பிள்ளை அப்போதுதான் அழுதாள். அக்காவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, சத்தம் போட்டு அழுதாள். அக்கா அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். நான் கூப்பிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவர்களுக்குப் பக்கத்தில் நின்றேன்.